வயிற்றின் மேல் நாழி

அரிசி அளக்கிற பித்தளை நாழி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை நான் அரிசிக்கு எடுப்பதில்லை. என் மாமியாரின் வயிற்றில் ஏறி இறங்கிய நாழி அது.

கொச்சியும் மலபாரும் ஒன்றாகிக் கேரளமாகிற சமயத்தில் நான் பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்குக் கல்யாணமாகி வந்தேன். அப்போதே அவளுக்கு மூட்டுவாதம். விரல்கள் கோணிப் போயிருந்தன. டாக்டர் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. வேறு வழியில்லாமல் அவர் ஒன்று சொன்னார். மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் எதையாவது வைத்து, அது ஏறும்படி மூச்சை இழுக்க வேண்டும். இழுத்ததைவிட மெதுவாக விட வேண்டும். நோய் போகாது, வலி கொஞ்சம் தணியும். வலி கூடினால் மூச்சு தறிகெட்டு ஓடும், அதனால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து நிதானமாக விட்டுக் காட்ட வேண்டும். வீட்டில் அந்த ஒருவர் நான்தான். அவளுக்கு என் முகத்தைக் கண்டாலே ஆகாது. எனக்கும் அப்படித்தான்.

வீட்டுக்குக் கீழே மிளகுக் கிடங்கு. சல்லடை ஆடும்போது ஆழ மூச்சிழுத்தால் தும்மல் வரும். தும்மினால் அவளுக்கு மூட்டெல்லாம் குத்தும். ஆகவே கிடங்கு ஆட்கள் கஞ்சிக்குப் போகும் மத்தியானம்தான் எங்கள் நேரம். நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பேன். "நாழி எப்போ நிக்கும்னுதானே பாத்துண்டிருக்கே?" என்பாள். நான் மூச்சை விடுவேன். அவளும் விடுவாள். சற்று நேரத்தில் திட்டுவது நிற்கும். வலி இறங்கியதற்கு அதுதான் அடையாளம்.

மாதத்தில் மூன்று நாள் நான் பின்கட்டு அறையில் தள்ளி இருக்க வேண்டும். மடி ஆசாரத்தில் அவள் அவ்வளவு கண்டிப்பு. அந்த நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். ஒரு மழைக்கால மத்தியானம் அதுவும் முடியவில்லை. எங்கள் நடுவே ஒரு சுவர்தான். நாழி தரையில் உருளும் சத்தம் கேட்டது. மறுபடியும் உருண்டது. கூப்பிட மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அங்கேர்ந்தே மூச்சு விடுடீ. எனக்குக் கேக்கறாப்பல விடு, கேட்டியோ."

"மூச்சுக்குத் தீட்டு கெடையாதோ?" என்றேன். அவளை எதிர்த்துப் பேசியது அன்றுதான்.

"ஒன் நாக்குக்குத்தான் தீட்டு. விடு, சவமே."

சுவரில் வாயை வைத்து, கொல்லன் துருத்தி மாதிரி விட்டேன். இரக்கத்தால் இல்லை. அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். அந்தப் பக்கத்து மூச்சு முதலில் ஓடிவந்த நாயுடையதைப் போல இருந்தது. பிறகு என்னுடையதைப் பிடித்துக்கொண்டது. நாழி விழவில்லை. கீழே சல்லடை மறுபடி ஆடத் தொடங்கியபோது அவள் தூங்கியிருந்தாள். நான்காம் நாள் நான் குளித்து வந்ததும் முதல் வேலையாக அந்தச் சுவரைக் கழுவச் சொன்னாள். கழுவினேன்.

அதன் பிறகு மாதா மாதம் அப்படித்தான். சுவரையும் மாதா மாதம் கழுவினேன். சாகும்வரை என்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. நானும் அவளை மன்னிக்கவில்லை. நாழியை அவள் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

இப்போது என் விரல்களும் கோணிவிட்டன. பக்கத்தில் உட்காரட்டுமா என்று என் மருமகள் கேட்பாள். வேண்டாம் என்பேன். மல்லாந்து படுத்து நாழியை வைத்துக்கொள்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. இருந்தாலும், கேட்கிற மாதிரிதான் விடுகிறேன்.