கண்ணை விட்டிட்டு அடியுங்கோ

சிட்னியில் நார்த்மீட்டுக்கு நாங்கள் குடிவந்தது எழுபதுகளின் நடுவில். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த கையோடு பெற்றோர் சந்திப்பு வந்தது. அப்பா டை கட்டிக்கொண்டு, கலியாண வீட்டுக்குப் போகிறவர் போல வந்தார். எங்கள் ரீச்சர் சின்ன வயதுக்காரி. மேசை நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டுதான் பேசுவார். என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. யாழ்ப்பாணத்துத் தகப்பன்மார் வாத்தியாரிடம் சொல்கிற மரியாதை வார்த்தையை, ஓர் எழுத்துப் பிசகாமல் இங்கிலீசில் சொன்னார்.

"இனி இவள் உங்கட பிள்ளை. படிக்காட்டிக் கண்ணை விட்டிட்டு மற்ற இடமெல்லாம் அடியுங்கோ."

ஊர் வாத்தியார் என்றால் தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார். அடிக்கிறவர் சொல்லாமலே அடிப்பார். அடிக்காதவர் சொன்னாலும் அடிக்கமாட்டார். உங்களை நம்பி விடுகிறேன் என்பதுதான் அந்தப் பேச்சின் அர்த்தம். எங்கள் ரீச்சரோ ஆட்டிக்கொண்டிருந்த காலை நிறுத்திவிட்டார்.

அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அம்மாதான் அகப்பைக் காம்பை எடுப்பார். அதுவும் காட்டுவதோடு சரி.

மறுநாளிலிருந்து என் பாடு விசித்திரமாகிவிட்டது. வீட்டுக்கணக்கு செய்யாமல் வந்த மற்றப் பிள்ளைகள் ஏச்சு வாங்கினார்கள். எனக்கு மட்டும், "பரவாயில்லை செல்லம்" என்று தோளில் ஒரு தடவல். ஊஞ்சலால் விழுந்து முழங்கை கன்றிப் போயிருந்த அன்று ரீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் அடித்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பாவுக்குச் சொல்லமாட்டேன், பயப்படாதே என்றார். இல்லவே இல்லை என்றேன். இல்லை என்று சொல்லச் சொல்ல அவருக்கு என்மேல் இரக்கம் கூடிக்கொண்டே போனது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பாவைப் போய் இவர் அரக்கன் என்று நினைக்கிறாரே! அந்த ரீச்சரையும் எனக்கு மிகவும் பிடிக்கும், அதுதான் கொடுமை. வீட்டில் சொன்னால் அப்பா வெட்கத்தில் செத்துப்போவார். அப்பா நல்லவர் என்று ரீச்சர் நம்பவேண்டும். அந்த வருடம் எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

விளையாட்டுப் போட்டி வந்தது. அப்பா அரைநாள் லீவு போட்டு, கறுப்புக் குடையும் கையுமாக வந்தார். பொட்டு மழை இல்லை, நல்ல வெயில். வேறு எந்தத் தகப்பனும் குடை கொண்டுவரவில்லை.

ஓட்டத்தில் நான் கடைசி. கோட்டைத் தாண்டியதும் தடுக்கி விழுந்து அழத் தொடங்கினேன். அப்பா கயிற்றைத் தாண்டி, மடக்கிய குடையைத் தூக்கிப் பிடித்தபடி என்னிடம் ஓடி வந்தார். மறுபக்கத்திலிருந்து ரீச்சரும் ஓடி வந்து, கைகளை விரித்துக்கொண்டு எங்கள் நடுவில் நின்றார். முகம் வெளிறியிருந்தது. "வேண்டாம்" என்றார்.

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாங்க்யூ சொல்லிவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு வந்து, புல்லில் முழங்காலூன்றி, குடையை விரித்து என் தலைக்குமேல் பிடித்தார். மற்றக் கையால் கைலேஞ்சியை எடுத்து என் கண்ணீரைத் துடைத்தார்.

"என்ர குஞ்செல்லே, ஓடினதே போதும். ஆர் முதலாவதா வந்தா எங்களுக்கென்ன?"

நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். ரீச்சருக்குத் தமிழ் தெரியாது. விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

வீட்டுக்குப் போகும்போது அப்பா சொன்னார், "நல்ல ரீச்சர். நீ விழுந்த உடன என்ன மாதிரி ஓடி வந்தவ, பாத்தியே?"

"ஓம் அப்பா" என்றேன்.

திங்கட்கிழமை நான் கணக்குச் செய்யாமல் போனேன். ரீச்சர் என் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு வகுப்பு முழுவதும் கேட்க, சோம்பேறி என்று ஏசி, இடைவேளைக்கு வெளியே விடாமல் உள்ளே இருத்திவைத்தார். இருந்து எல்லாக் கணக்கையும் செய்தேன். சந்தோஷத்தில் அத்தனையும் பிழை.