சாம்பல் நாளில் ஒரு சட்டை

எங்கள் தெருவில் சலவைக்கடை வைத்திருப்பவளைக் கறையக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டாள், காலரைத்தான் பார்ப்பாள். என் கல்யாணத்தன்று வாழ்த்துச் சொல்ல வந்தவள், "கைப்பக்கம் எண்ணெய்க் கறை இருக்கு, கழட்டிக் குடு" என்று நின்றாள். அழுக்கைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது.

நெருப்புப் பறவை துறைமுகத்தை எரித்த நாளைச் சாம்பல் நாள் என்று அனுசரிக்கிறோம். செத்தவர்களில் ஒருவர் உடலும் கிடைக்கவில்லை. அதனால் வருடாவருடம் அந்த நாளில், அவர்கள் கடைசியாகக் கழற்றிப் போட்ட உடுப்பைத் துவைக்காமல் வாசல் கொடியில் போடுவோம். உச்சி நேரத்தில் காற்று நின்றுவிடும். செத்தவர்கள் தங்கள் வியர்வை வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து அதை ஒரு தடவை போட்டுப் பார்ப்பார்கள். சட்டை உப்பும், கை நீளும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்க்கலாம். என் தம்பி கையை நான் அப்படித்தான் பிடித்துக்கொள்கிறேன். உயிரோடிருப்பவன் சட்டையென்றால் சும்மா தொங்கும்.

கறையக்காவின் மகன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். படகேறித் தப்பித்தான் என்றார்கள், இல்லையென்றும் சொன்னார்கள். அவனுடைய அழுக்குச் சட்டை ஒன்று கதவுக்குப் பின்னால் ஆணியில் கிடந்தது. அவள் அதைத் துவைக்கவும் இல்லை, கொடியில் போடவும் இல்லை. "போட்டா, அவன் போயிட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்" என்பாள்.

இந்த வருடம் அவள் புருஷன் படுத்த படுக்கையாகிவிட்டார். இஸ்திரிப் பெட்டியின் கரிப்புகையில் நெஞ்சு கெட்டுப்போன மனிதர்.

"இருக்கானா இல்லையான்னு தெரியாம எனக்கு உசுரு போகாதுடி. இந்தத் தடவை போட்டுடு" என்று கெஞ்சினார். சரியென்றாள்.

அடுத்து நடந்ததை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் சட்டையை எடுத்து மடியில் வைத்து அழுதிருக்கிறாள். காலரில் தார்க் கறை. அழுதுகொண்டிருக்கும்போதே அந்தப் பாழாய்ப்போன கை சட்டையை வாளியில் முக்கி, சோப்புப் போட்டுக் கசக்கிவிட்டது. தண்ணீர் கறுத்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. அந்தத் தண்ணீரைக் கொட்ட மனசு வராமல் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். புருஷனிடம் சொல்லத் தைரியமில்லை.

மறுநாள் உச்சியில் தெரு முழுக்கச் சட்டைகள் உப்பின. என் தம்பி வந்து போனான். எதிரே கறையக்கா வாசல் கொடியில் அந்த ஒரு சட்டை மட்டும் அசையவில்லை. வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்த மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தியாடி! என் புள்ள உசுரோட இருக்கான்டி!"

சட்டையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். சோப்பு வாசனையிலேயே காலம் தள்ளியவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. சந்தோஷம் கேட்கப் போன எனக்குத் தெரிந்துவிட்டது. கறையக்கா என் விரலைப் பிடித்து நெரித்தாள்.

"வாயத் திறந்துடாத. உன் கால்ல வேணா விழறேன்."

அவர் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார். தினமும் துறைமுகத்துக்குப் போய், படகிலிருந்து இறங்குகிற ஒவ்வொருத்தன் முகத்தையும் உற்றுப் பார்க்கிறார். மழையும் வெயிலும் அவருக்கு ஒன்றுதான். வைத்தியர் போகாதே என்கிறார், கேட்டால்தானே. இருமினால் ரத்தம் வருகிறது. உண்மையைச் சொன்னால் அங்கேயே விழுந்துவிடுவார், சொல்லாவிட்டால் இப்படியே நடந்து சாவார். மகன் இருக்கிறானா செத்தானா என்பது கறையக்காவுக்கு இனி எந்தச் சாம்பல் நாளிலும் தெரியப்போவதில்லை. வாய்விட்டு அழக்கூட அந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை.

நேற்று கடைசிப் படகும் காலியான பிறகு அவரைத் தோளில் தாங்கிக் கூட்டி வந்தாள். எங்கள் வாசலருகே மூச்சு வாங்க நின்றார்.

"நாளைக்குக் கண்டிப்பா வந்துடுவான். அந்தச் சட்டையத் துவைச்சு வைடி, வந்ததும் போட்டுக்குவான்."

"சரிங்க" என்றாள்.