ஒரு குச்சிக் குளிர்காலம்

போன கிழமை என் மகள் பவானி என்னை லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு கோப்பிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கோப்பி எனக்குப் பிடிக்காது. கால் வலிக்கு இருக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். கதவடியில் ஒரு கறுத்த இரும்பு அடுப்பு நின்றது. சமைக்கிற அடுப்பு அல்ல, அந்தக் காலத்தில் அறையைச் சூடாக்க வைத்திருந்த கரி அடுப்பு. அதன் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, கரி போடுகிற வாய்க்குள் ஒரு செடியை வைத்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். குனிந்து கீழ்க்கதவைத் திறந்து சாம்பல் தட்டை இழுத்தேன். அதற்குள் சீனிப் பைகள் அடுக்கியிருந்தன.

“அம்மா, கையை வையாதேங்கோ. அது சும்மா வடிவுக்கு வைச்சிருக்கிறாங்கள்.”

“வடிவுக்கோ? இதின்ரை மூக்கு முழுக்கத் தூசி. மூச்சு விடேலாமல் நிக்குது, பாவம்.”

“அது மூச்சு விட்டு இனி என்ன செய்யப் போகுது? உங்கடை தேத்தண்ணி ஆறுது, வாங்கோ.”

அவளுக்கு என்ன தெரியும்! இப்படி ஓர் அடுப்புக்குப் பக்கத்தில்தான் அவள் என் வயிற்றுக்குள் கிடந்தாள். இப்போது அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அந்த அடுப்பைப் பார்த்தபடி இருந்தேன். செடியின் ஈரமண் மணம்தான் வந்தது. ஆனால் என் மூக்குக்குள் வேறு மணம்: சூடேறிய இரும்பும், அதற்குப் பூசுகிற கறுத்த பொலிஷும், வாசலில் மழையில் நனைந்த கரிச் சாக்கும் சேர்ந்த மணம். ஃபாரஸ்ட் கேட் பகுதியில் நாங்கள் முதன்முதலில் வாடகைக்கு இருந்த கீழ் அறையின் மணம் அது.

நாங்கள் என்றால் நானும் இவரும். என் வீட்டுக்காரரை நான் ‘இவர்’ என்றுதான் சொல்வேன். பெயர் சொல்லிப் பழக்கமில்லை, போய்ச் சேர்ந்த பிறகும் வாய் வரவில்லை. இவர் பகலில் ஒரு தொழிற்சாலையில் வேலை, பின்னேரம் எஞ்சினியர் படிப்பு. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, மேசையில் வெப்பத்தைப் பற்றி இவருடைய தடித்த புத்தகம், மூலையில் அந்த அடுப்பு. வீட்டின் சொந்தக்காரி மிஸிஸ் பிரென்னன் எங்களுக்கு நேர் மேலே இருந்தார். புருசன் இல்லை, பிள்ளை இல்லை, முதுகு வருத்தம் மட்டும் இருந்தது. அவர் பேசிய இங்கிலீசு எனக்குப் பாதிதான் விளங்கும், மீதியை அவருடைய புருவம் சொல்லும். அதனால் அவர் சொன்னவற்றை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

வந்த முதல் கிழமையே நான் ஒரு வேலை செய்தேன். காலையில் இவர் அடுப்பை மூட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்குக் கடைக்குப் போகவேண்டும். ஆள் இல்லாத வீட்டில் நெருப்பு எதற்கு? ஊரில் சமையல் முடிந்ததும் கொள்ளியை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து வைப்போம். அந்தக் கரி அடுத்த நாளுக்கு உதவும். அந்தச் சிக்கனத்தில் ஊறிய கை சும்மா இருக்குமா? மேல்மூடியைத் திறந்து ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினேன்.

வெடிச் சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். சாம்பல் என் முகத்தில் அடித்தது. உள்ளே பதித்திருந்த சூளைக்கல் ஒன்று பிளந்தது. முன்கதவில் நெருப்பைப் பார்க்க வைத்திருந்த மைக்காத் தகடு வெடித்துக் கீழே விழுந்தது. மிஸிஸ் பிரென்னன் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். வெள்ளைச் சாம்பலுக்குள் என் இரண்டு கண்ணும்தான் தெரிந்திருக்கும்.

“நெருப்பைத் தண்ணியிலை தாட்டுக் கொன்றவளை இண்டைக்குத்தான் காணுறன்,” என்றார்.

ஏசுவார் என்று நின்றேன். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, எனக்கு அந்த அடுப்பைக் காட்டித் தந்தார். புத்தகமும் இல்லை, படமும் இல்லை. கையைப் பிடித்து ஒவ்வோர் இடமாக வைத்துக் காட்டினார்.

அதைச் செய்தவன் கெட்டிக்காரன். வாய் மேலே, மூக்கு கீழே. மேல்வாயால் கரியை நிரப்பிவிட்டால், கீழே எரிய எரிய மேலே உள்ளது தன் பாரத்தால் தானே இறங்கும். நாம் ஊட்டிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. சாம்பல் கதவில் ஒரு சின்னச் சக்கரம், மூக்கு அதுதான். அதைத் திருகித் திறந்தால் காற்று கூடும், நெருப்பு எழும்பும். இறுக்கினால் கண்ணை மூடி மெல்ல மெல்ல எரியும். உள்ளே பின்பக்கம் சாய்வாக ஓர் இரும்புத் தகடு. சூடு நேரே புகைபோக்கிக்குள் ஓடிவிடாமல் அது மறித்து, சுற்றி வளைத்து அனுப்பும். பக்கத்தில் ஒரு பிடி. அதை ஆட்டினால் சாம்பல் கொட்டும். சுவர் மேலே உள்ள காற்றோட்டத் துளையை மட்டும் ஒருநாளும் அடைக்கக் கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

அன்று இரவு இதையெல்லாம் இவருக்குச் சொன்னேன். இவர் உடனே புத்தகத்தைத் திறந்தார்.

“இஞ்சரும், சூடான காத்து பாரம் குறைஞ்சது. அதாலை மேலை எழும்பும். விளங்குதோ?”

“அது கோழிக்குஞ்சுக்கும் தெரியும். நீங்கள் அந்த உடைஞ்ச தகட்டுக்கு வேறை ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ.”

இவர் அப்டன் பார்க்கில் ஒரு இரும்புக் கடையில் வாங்கி வந்து தகட்டைத் தலைகீழாகப் பூட்டினார். நான் கழற்றித் திருப்பிப் பூட்டினேன்.

அந்த அடுப்பால் எனக்கு வந்த சுகம் கொஞ்சமல்ல. லண்டன் குளிரில் தோசைமா மூன்று நாள் கிடந்தாலும் பொங்காது, பச்சை மாவாகவே கிடக்கும். சட்டியை அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வைத்தேன். விடிய மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அடுப்பின் தலையில் மிளகாய் வறுத்த அன்று மட்டும் மேல் வீட்டில் மிஸிஸ் பிரென்னன் தும்மிய தும்மலில் கூரை போகாதது அதிசயம். அதற்குப் பிறகு மிளகாய் வறுக்கவில்லை. சரி, இரண்டு முறை வறுத்தேன்.

கதையை விட்டுவிட்டேன். எனக்கு ஐந்து மாதம் என்பதை அந்தப் பெரிய கோட்டு மறைத்து வைத்திருந்தது. ஒருநாள் மிஸிஸ் பிரென்னன் என்னைக் கோட்டு இல்லாமல் கண்டுவிட்டார். அவருடைய வீட்டில் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பது முதல்நாளே சொன்ன சட்டம். நிறத்துக்கும் பிள்ளைக்கும் கதவைச் சாத்துகிற தெருக்களில் இவர் ஏறி இறங்கிக் கடைசியாகக் கிடைத்த அறை அது. அதையும் விட்டால் எங்கே போவது?

“பிள்ளை பிறக்க முதல் வேறை இடம் பாருங்கோ,” என்றார் மிஸிஸ் பிரென்னன். “எனக்குப் பிள்ளையளிலை கோவமில்லை. இந்த அறை ஈரம். அடுப்பு அணைஞ்சால் சுவர் வேர்க்கும். இதுக்குள்ளை ஒரு பச்சைப் பிள்ளையோ?”

“அடுப்பு அணையாது,” என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் இரண்டு சொல்.

“அதை நூரவிடாமல் ஒரு குளிர்காலம் ஓட்டினவை ஒருத்தரும் இல்லை, நான் உட்பட. நீ ஓட்டிக் காட்டு. பிறகு பிள்ளையைப் பற்றிக் கதைப்பம்.”

கார்த்திகை மாதத்தில் ஒரு நெருப்புக்குச்சி தட்டினேன். அதுதான். காலையில் ஆட்டுவேன். தட்டில் செந்நிறம் தெரிந்ததும் நிறுத்துவேன், அதற்கு மேல் ஆட்டினால் நெருப்பின் அடிவயிறே விழுந்துவிடும். வாய் நிரம்பக் கரி. சக்கரம் பகலுக்கு இரண்டு சுற்று, படுக்கும்போது அரைச் சுற்று. காற்றடிக்கிற நாளில் கால் சுற்று போதும், புகைபோக்கி தானே இழுக்கும். பனி கொட்டிய நாளும் எரிந்தது, கரிக்காரன் இரண்டு நாள் பிந்தி வந்தபோதும் எரிந்தது. அப்போது இவருடைய தேத்தண்ணிக் கோப்பையால் அளந்து அளந்து கரி போட்டேன். மிஸிஸ் பிரென்னன் ஒவ்வொரு நாளும் வந்து அடுப்பின் தலையைத் தொட்டுப் பார்த்து, “ம்” என்றுவிட்டுப் போவார்.

மாசி மாதம் என்னை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நோவோடு வாசலில் நின்றுகொண்டு இவருக்குத் திரும்பவும் சொன்னேன்.

“இரண்டு சுற்று. பிறகு அரைச் சுற்று. கிண்டாதேங்கோ. புத்தகம் பார்க்காதேங்கோ.”

“நீர் பயப்பிடாதையும். ஒரு எஞ்சினியரிட்டை விட்டிட்டுப் போறீர்.”

பவானி பிறந்தாள். அப்போது ஒரு கிழமைக்கு மேல் வைத்திருப்பார்கள். இவர் ஒவ்வொரு நாளும் பார்க்க வருவார். பிள்ளையைப் பார்க்க முதல் நான் கேட்பது, “அடுப்பு?” மூன்று நாள், “நல்லா எரியுதப்பா” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான்காம் நாள் பிள்ளையின் காலைப் பார்த்துச் சொன்னார். இவருடைய நகக்கண்ணெல்லாம் கரி.

வீட்டுக்கு வந்தால் அறை இளஞ்சூடு. மைக்காவுக்குப் பின்னால் செக்கச் சிவந்த நெருப்பு. நான் இவரை வீணாகச் சந்தேகப்பட்டேன் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை சாம்பல் தட்டை இழுத்தபோது ஏதோ கிணுகிணுத்தது. சின்னச் சின்னக் கம்பிச் சுருள்கள், ஏழு. கொடியில் உடுப்பைக் கவ்விப் பிடிக்கிற மரப் பிடிக்குள் இருக்குமே, அந்தச் சுருள். மரம் எரிந்து சுருள் மிஞ்சியிருக்கிறது. எரிகிற கரிக்கு விறகு எதற்கு? அணைந்த அடுப்பை மூட்டத்தான் விறகு.

என் பிடிப் பையைப் போய்ப் பார்த்தேன். என்னுடையவை சுருள் இல்லாத பழங்காலப் பிடிகள். எல்லாம் அப்படியே இருந்தன. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? கேட்க வாய் திறக்கவும் கதவில் தட்டுகிற சத்தம். மிஸிஸ் பிரென்னன். சுருள்களைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.

அவர் பிள்ளையைப் பார்த்தார். அடுப்பின் தலையில் கையை வைத்தார். என்னைப் பார்த்தார்.

“அணையவே இல்லையோ?”

இவர் புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பெருமைக்காரி நான், பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று வளர்ந்தவள். மடியில் பிள்ளை கிடக்கிறது.

“இல்லை,” என்றேன்.

“ம்,” என்றார். “அப்ப பிள்ளை இருக்கட்டும்.”

ஆறு வருடம் இருந்தோம். பவானி அந்த அடுப்பைச் சுற்றிப் போட்ட கம்பி வேலியைப் பிடித்துத்தான் எழும்பி நின்றாள். வீடு நிறையச் சனம் வருகிற நாளெல்லாம் இவர் தொடங்கிவிடுவார்: “என்ரை மனிசி ஒரே ஒரு குச்சியிலை ஒரு குளிர்காலத்தை ஓட்டினவ. எஞ்சினியர்மாராலை ஏலாது!” நான் தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். வெட்கம் என்று நினைப்பார்கள்.

சொந்த வீடு வாங்கி நாங்கள் வெளிக்கிட்ட நாள், மிஸிஸ் பிரென்னன் என்னை முதன்முதலாகத் தன் படுக்கை அறைக்குக் கூப்பிட்டார், பவானிக்கு ஒரு கம்பளி தர. பெட்டியை அவர் திறக்கும்வரை கட்டில் பக்கம் நின்ற நான் சுவரில் சாய்ந்தேன். சுவர் சூடாக இருந்தது. எங்கள் புகைபோக்கி போகிற சுவர். அதற்கு முதுகு கொடுத்துத்தான் அவர் கட்டில் போட்டிருந்தார்.

திரும்பி உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இந்தச் சுவரைக் கேட்டால் போதும், கீழே நெருப்பு இருக்கிறதா இல்லையா என்று.

“தெரியுமோ?” என்றேன்.

“உன்னை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய் நாலாம் நாள் என்ரை முதுகு விறைச்சுப் போச்சு. இறங்கிப் போனன். உன்ரை எஞ்சினியர் அடுப்புக்கு முன்னாலை முழங்காலிலை இருக்கிறான், மடியிலை புத்தகம், கண் முழுக்கத் தண்ணி. ஈரக் கடதாசியை எரிக்கிறான். என்ரை உடுப்புப் பிடியைத்தான் குடுத்தன். உனக்குச் சொல்லக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவன்.”

“எனக்கு அடுத்த நாளே தெரியும். சாம்பலுக்குள்ளை சுருள் கிடந்தது.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முதுகு வருத்தக்காரி கட்டிலில் விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான், ஆனால் கண் ஏன் நனைந்தது என்று இன்றுவரை தெரியாது. கீழே இருந்து இவர் கத்தினார்: “இஞ்சரும்! வான் வந்திட்டுது! என்ன அங்கை சிரிப்பு?”

“ஒண்டுமில்லை, வாறன்.”

ஒன்றுமில்லைதான். நாற்பது வருடத்துக்கு மேல் இவர் அந்தப் பெருமையை ஊரெல்லாம் சொன்னார். பொய் என்று தெரிந்து சொன்னார். பொய் என்று தெரிந்து நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தால், பாவம், அந்தக் கதையை விட்டிருப்பார்.

கோப்பிக் கடையில் பில் கொண்டுவந்த பெண் என்னைப் பார்த்து, அந்த அடுப்பு எரிந்த காலம் தெரியுமா என்று கேட்டாள். பவானி அப்பாவைப் போலவே நிமிர்ந்து இருந்துகொண்டு தொடங்கினாள். ஒரே ஒரு குச்சி. முழுக் குளிர்காலம். உண்மையா என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள்.

“ஓம்,” என்றேன்.

கரிக்காரன் இல்லை. அந்த வீட்டை நாலாகப் பிரித்துவிட்டார்களாம், புகைபோக்கியைச் செங்கல்லால் அடைத்தாயிற்று. மிஸிஸ் பிரென்னனும் இல்லை, இவரும் இல்லை. ஏழு சுருளும் என் ஊசிப் பெட்டிக்குள் கிடக்கின்றன. இப்போது நான் இருக்கிற பிளாட்டில் சூடு குழாயால் வருகிறது. பவானி தன் வேலை இடத்தில் இருந்துகொண்டு போனில் கூட்டிக் குறைக்கிறாள். நல்ல சுகம்தான், குறை சொல்ல மாட்டேன். காலையில் எழும்பும்போது மட்டும் பழக்கத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். மேலே யார், கீழே யார், எழும்பினார்களா, நெருப்பை விட்டுவிட்டு முழங்காலில் இருக்கிறார்களா, ஒன்றும் தெரியாது. இந்தக் காலத்துச் சுவர்கள் ஒருவரையும் காட்டிக்கொடுப்பதில்லை.