எழுபத்தொன்பதுக்கு ஒரு சி

போன கிழமை கனடாவிலிருந்து தங்கையின் மகள் தொலைபேசியில் அழுதாள். அவள் அங்கே தாதியர் படிப்பில் இரண்டாம் வருடம். நான் குசினியில் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு நின்றேன். "பெரியம்மா, எங்கட கொலிஜில தொண்ணூற்றி மூண்டு எடுத்தால்தான் ஏ. மற்ற இடங்களில எண்பத்தைஞ்சுக்கே குடுக்கினம். என்ர ஜிபிஏ விழுந்திட்டுது, ஸ்கொலஷிப்பும் போகப்போகுது" என்றாள். ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான். ஆனால் எனக்கு வந்தது ஆத்திரம். முகம் தெரியாத அந்தக் கல்லூரிக்காரரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பருப்பு அடிப்பிடித்தது. கடைசியில் அந்தப் பிள்ளைதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்குப் பிரஷர் குளிசை போட்டீர்களா என்று என்னைக் கேட்டது.

அடிப்பிடித்த பருப்பின் மணம் வீடு முழுக்க நின்றது. எனக்கு அது பழகிய மணம். வன்னியில் அக்கராயன் பக்கத்தில் நான் தாதியர் பயிற்சி எடுத்தபோது எங்கள் விடுதியில் வாரத்தில் பாதி நாள் அந்தப் பருப்புத்தான். போரில் கிளிநொச்சியை விட்டுச் சனம் இடம்பெயர்ந்து வந்திருந்த காலம். பள்ளிக்கூடங்களெல்லாம் அகதிகளால் நிறைந்திருந்தன. அதனால் எங்கள் வகுப்பை ஒரு பழைய நெல் களஞ்சியத்தில் வைத்தார்கள். உமித்தூசி மூக்கில் ஏறி நாங்கள் மாறிமாறித் தும்முவோம். புண்ணுக்கு மருந்து கட்டும்போது தும்மினால் இரண்டு மார்க்ஸ் வெட்டு. நீங்கள் சிரிப்பீர்கள். அன்றைக்கு எங்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

வெட்டுகிறவர் எங்கள் மேற்றன், தலைமைத் தாதி. ஓய்வுபெற்றுப் பிறகு இடம்பெயர்ந்து வந்தவர். அந்தப் பயிற்சிப் பள்ளியைத் தன் கையால் உண்டாக்கியவர். அவருக்கென்று ஒரு அளவுகோல் இருந்தது. தொண்ணூறிலிருந்து ஏ, எண்பதிலிருந்து பி, எழுபதிலிருந்து சி. அதற்குக் கீழே என்றால் பெயில். உயர்தரப் பரீட்சையில் எழுபத்தைந்துக்கே ஏ வாங்கிப் பழகிய நாங்கள் முதல் தவணையில் திகைத்துப் போனோம். மருந்தில் முக்கால்வாசி சரியென்றால் நோயாளி முக்கால்வாசி பிழைப்பாரா என்று மேற்றன் கேட்பார். உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. "வன்னியில படிச்ச பிள்ளையளைக் குறைஞ்ச தாதியெண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது" என்பார். நாங்களும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வோம்.

நிமிர்த்துவதற்கு நல்ல உடுப்பும் இல்லை. பொருளாதாரத் தடையில் வெள்ளைத் துணி கிடைப்பது பெரும்பாடு. என் சீருடை அப்பாவின் கலியாண வேட்டியில் தைத்தது. நடந்தால் சரிகைக் கரை முழங்காலடியில் மினுங்கும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த றெஜினாவின் அப்பா கடற்றொழிலாளி, சாரம் தவிர வேறொன்றும் கட்டாதவர். ஆகவே அவர்களுடைய மாதா கோயில் சுவாமியார் தன் பழைய அங்கியொன்றைக் கொடுத்திருந்தார். அதை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தவளை நாங்கள் 'சுவாமி' என்று கூப்பிட்டோம். அவளும் வாயெல்லாம் பல்லாக எங்களுக்கு ஆசீர்வாதம் தருவாள்.

நானும் றெஜினாவும் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கம்பக்கமாக இருந்தோம். எனக்கு மனப்பாடம் நன்றாக வரும். அவளுக்கு நோயாளியோடு கதைக்க வரும். இறுதிச் செய்முறைப் பரீட்சையில் அவளுக்குக் கிடைத்தது மலேரியாக் காய்ச்சலில் கிடந்த ஒரு சின்னப் பெண் பிள்ளை. ஊசியைக் கண்டதும் அது வீரிட்டு அழுதது. றெஜினா கட்டில் ஓரத்தில் இருந்து, பிள்ளையைத் தன் தோளோடு சாய்த்து, ஏதோ மீன்கதை சொல்லிக்கொண்டே ஊசியைப் போட்டு முடித்தாள். பிள்ளை கதையின் மிச்சத்தைக் கேட்டது. மேற்றன் பார்த்துக்கொண்டு நின்றார். நோயாளியின் கட்டிலில் தாதி இருக்கக்கூடாது என்று மார்க்ஸை வெட்டினார். அவளுக்கு எழுபத்தொன்பது, சி. பின்னேரம் அதே வார்ட்டில் அதே ஊசியை நான் போட்டேன். என்னிடம் வந்த பிள்ளை ஊரே கேட்க அழுதது. நான் விறைத்த தடிபோல் நின்றுகொண்டு போட்டேன். எனக்கு எண்பது, பி.

மற்றப் பாடங்களிலும் ஏறக்குறைய இப்படித்தான். சான்றிதழில் மார்க்ஸ் போடுவதில்லை. எழுத்து மட்டும்தான். ஏ என்றால் நாலு புள்ளி, பி என்றால் மூன்று, சி என்றால் இரண்டு. கூட்டிப் பிரித்துச் சராசரி. அவள் ஒரு மார்க்கில், இரண்டு மார்க்கில் தவறவிட்டதெல்லாம் இரண்டு இரண்டாகச் சேர்ந்தது.

பிறகு வவுனியாவில் அரசாங்க நியமனத்துக்கு நேர்முகம் வைத்தார்கள். வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுத்து, சோதனைச் சாவடியில் வெயிலில் காய்ந்து இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தோம். சராசரி மூன்று வேண்டும் என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி றெஜினாவின் சான்றிதழைப் பார்த்து, "எல்லாம் சி தானே, பிள்ளை" என்றார். எங்கள் இடத்தில் எழுபதுக்கு மேலே எடுத்தால்தான் சி என்று அவள் சொன்னாள். அவர் தாளைத் திருப்பி அடுத்த பக்கத்தையும் பார்த்தார். "அப்பிடியெண்டு இதில எழுதேல்லையே" என்றார். அவளுக்கு முன்னால் போன ஒருத்தி, தங்கள் பள்ளியில் அறுபத்தாறுக்கு பி தருவார்கள் என்று வெளியே வந்து எங்களிடம் கள்ளமில்லாமல் சொல்லியிருந்தாள். அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது; அன்றிலிருந்து நோயாளிகள் என்னை 'மிஸ்ஸி' என்று கூப்பிட்டார்கள்.

திரும்பி வந்ததும் நேரே மேற்றனிடம் போனோம். அவர் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டு கதிரையில் இருந்தார். றெஜினா நின்றபடியே கதைத்தாள்.

"மேற்றன், எனக்கு மார்க்ஸ் கூட்டித் தரச்சொல்லி வரேல்ல. நீங்கள் என்ன கணக்கில போட்டனீங்கள் எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ. அது போதும்."

"அப்பிடி எழுதினால் நான் அவையிட்டக் கெஞ்சிறதா நினைப்பினம்" என்றார் மேற்றன்.

"கெஞ்சிறது நான்தானே மேற்றன். நீங்கள் எழுதினால் மட்டும் போதும்."

மேற்றன் அசையவில்லை. தன் பள்ளியின் சி மற்றவர்களின் ஏ-க்குச் சமம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்றார். தெரிந்தவர்கள் யார்? அந்த நெல் களஞ்சியத்துக்குள் இருந்த நாங்கள்தான். நான் பொறுமையிழந்து, உங்கள் பெருமைக்கு இவளுடைய வேலையைப் பலி கொடுக்கிறீர்கள் என்று கத்திவிட்டேன். அந்த வயதில் மேற்றன் முன் குரலை உயர்த்தியவள் நான் ஒருத்திதான். சொன்னதற்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை.

ஆஸ்பத்திரி டொக்டர் இரக்கப்பட்டு ஒரு கடிதம் எழுதித் தந்தார். மறுபடி பாஸ் கிடைத்து அதைக் கொண்டுபோவதற்குள் நியமனங்கள் முடிந்திருந்தன. அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். அடுத்த முறை வரவில்லை. அடுத்த இடம்பெயர்வு வந்தது. றெஜினா தொண்டர் என்ற பெயரில் வார்ட்டில் வேலை செய்தாள். ஊசி போட்டாள், காயம் கட்டினாள், பிரசவம் பார்த்தாள். நியமனம் பெற்றவர்கள் வந்ததும் அவளுக்குத் தட்டுக் கழுவும் வேலை கொடுத்தார்கள். மேற்றன் சாவதற்கு முன் அவளைப் பற்றி ஒருமுறையாவது விசாரித்தாரா என்று எனக்குத் தெரியாது. விசாரித்திருந்தாலும் என் கோபம் குறையாது. ஒரு வரிதான் கேட்டோம். எங்கள் தும்மலைக்கூட விடாமல் குறித்துக்கொண்ட அந்தக் கைக்கு ஒரு வரி பாரமாகிவிட்டது.

பிறகு றெஜினா கலியாணம் கட்டி ஊரோடு போனாள். களஞ்சியம் போருக்குப் பின் இடிந்து, இப்போது அத்திவாரமும் புல்லுக்குள். எங்களோடு படித்தவர்களில் யார் யார் மிஞ்சினார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவு வருவதில்லை.

போன வருடம் முல்லைத்தீவில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் பழைய கதை கதைத்துக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தி காய்ச்சலில் கொதிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். றெஜினா எழும்பினாள். பிள்ளையின் நெற்றியில் கை வைப்பாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டு விலகி வழிவிட்டாள்.

"எனக்கு உதொண்டும் தெரியாது. மிஸ்ஸி வந்திருக்கிறா, அவாவிட்டக் காட்டுங்கோ" என்று என்னைக் காட்டினாள்.