விலைச்சீட்டில் நிற்கும் மை

கைக்குழந்தைகளுக்கான கம்பளித் தொப்பிகளை வீட்டில் பின்னி ஹட்டனில் ஒரு துணிக்கடைக்குக் கொடுக்கத் தொடங்கியபோது, எனக்கிருந்த பயமெல்லாம் நூலைப் பற்றித்தான். பேனையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

மகள் அப்போதுதான் தவழப் பழகியிருந்தாள். அவளைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு நான் வேலைக்குப் போவதாகப் பேச்சு. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் அந்த இடத்தில்தான் நானும் வளர்ந்தேன். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. தொப்பி வேலை தொடர்ந்து கிடைத்தால் வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று கணவரிடம் கேட்டேன்.

"மொத மூட்டைய குடுத்துப் பாரு. மொதலாளி அடுத்த நூல குடுத்தாருன்னா நீ வீட்டுலயே இரு" என்றார். மருந்துக்கடைக்குத் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

தொப்பிகளில் கட்டுவதற்கு விலைச்சீட்டுகளையும் கடை முதலாளியே தந்திருந்தார். முன்பு அட்டைச் சீட்டுகள் இருந்தனவாம். மழை மாதங்களில் அவை கடைக்குள்ளேயே நமத்துப் பூஞ்சணம் பிடித்ததால், கொழும்பிலிருந்து பிளாஸ்டிக் சீட்டு எடுப்பித்திருந்தார். பார்த்தால் கடதாசி, இழுத்தால் கிழியாது. அளவுக்கு ஒரு விலை என்பதால் பின்னுகிறவரே எழுதிக் கட்டிக் கொடுக்க வேண்டும். குமிழ்முனைப் பேனை அதில் வழுக்கியது. ஜெல் பேனை அழகாக எழுதியது. அதிலேயே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டொரு நாளில் முதலாளி போன் எடுத்துக் கடைக்குக் கூப்பிட்டார். போய் நின்றதும் ஒரு வெள்ளைத் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். சீட்டில் இருந்த இலக்கங்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தொப்பியில் நீலமாகப் பதிந்திருந்தன.

"என்ன தங்கச்சி, பிள்ளைட நெத்தியிலேயே விலைய எழுதி வச்சிருக்கீங்க?"

கடையில் நின்ற வாடிக்கையாளர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுவிக் கொண்டுவருகிறேன் என்றேன்.

"கழுவுங்க. ஆனா சனிக்கிழமைக்குள்ள அழியாத மையில எழுதிட்டு வாங்க. பின்னல் நல்லம். சீட்டுதான் சரியில்ல."

அன்றே புத்தகக் கடைக்குப் போய்க் கேட்டேன். சீடி பேனை என்று ஒன்றைத் தந்தார்கள். இப்போது யார் சீடியில் எழுதுகிறார்கள் என்று தெரியாது, ஆனாலும் பெயர் அதுதான். வீட்டுக்கு வந்ததும் ஒரு சீட்டில் எழுதி விரலால் தேய்த்தேன். கறுப்பாக இழுபட்டது. அந்தச் சீட்டை ஜன்னல் பலகையில் போட்டுவிட்டு, இன்னொரு சீட்டில் எழுதித் தேய்த்தேன். அதுவும் இழுபட்டது. மறுநாள் வேறொரு கடையில் தடித்த மார்க்கர் வாங்கினேன். அதன் வாசம் குழந்தைச் சாமானுக்கு ஆகுமா என்று பயந்து மூடி வைத்துவிட்டேன். மழைக்காலத்தில் பிள்ளையின் துணிகளை அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயவைப்போம். அந்தப் பழக்கத்தில் சீடி பேனையால் எழுதிய சீட்டுகளையும் அங்கே தொங்கவிட்டேன். வடகம் பொரிந்த மாதிரி சுருண்டுகொண்டன.

வேலை முடிந்து வந்த கணவர் மேசையைப் பார்த்தார். "என்னா புள்ள, தொப்பிக்கட வைக்கப் போறியா, பேனக்கட வைக்கப் போறியா?"

பேனைகளை ஒதுக்கிவிட்டுச் சோற்றைப் போட்டேன். மருந்துக்கடைக்கே போய்விடலாம், இதில் பிடிவாதம் பிடிப்பது என் சுயநலமோ என்றும் தோன்றியது.

அடுத்த நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் சத்தமில்லாமல் இருந்தது. பிள்ளை சத்தமில்லாமல் இருந்தால் திரும்பிப் பார்க்க வேண்டும். ஜன்னல் பலகையிலிருந்து விழுந்த சீட்டு ஒன்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். பிடுங்கினேன். அவள் வீறிட்டு அழ, வெளிச்சத்துக்குத் தூக்கிப்போய் உதடு, ஈறு, நாக்கு எல்லாம் பார்த்தேன். கறுப்பு எங்கேயும் இல்லை. வெள்ளைத் துணியால் துடைத்தும் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகுதான் சீட்டைப் பார்த்தேன். எச்சிலில் நனைந்திருந்த அதன் ஓரத்தில் பற்கள் முளைக்கும் ஈறின் அழுத்தம் தெரிந்தது. நான் விரல் வைத்து இழுத்த கோடும் அதன் பக்கத்து இலக்கங்களும் அப்படியே இருந்தன. சேலை முந்தானையால் அழுத்தித் தேய்த்தேன். அசையவில்லை.

எழுதி இரண்டு நாளான சீட்டு அது. அந்த மை பிளாஸ்டிக்குக்குள் ஊறாது, மேலேயேதான் காய வேண்டும். மூட்டமும் தூறலுமாக இருக்கும் எங்கள் பக்கத்தில் அதற்கு நேரம் எடுக்கும். நான் ஒரு நிமிஷம்கூட விட்டுவைக்காமல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மிச்சச் சீட்டுகளை அன்றே எழுதி, ஒன்றோடொன்று படாமல், பிள்ளைக்கு எட்டாத அலுமாரி மேலே பரப்பிவிட்டேன். சனிக்கிழமை வரை தொடவில்லை. தொடாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சீட்டு பிள்ளைகளின் வாய்க்கு எட்டக்கூடாதே என்று, நீலம் போகக் கழுவிய தொப்பிகளின் உச்சியில் குட்டை நூலால் கட்டினேன்.

கடையில் முதலாளி பெருவிரலை எச்சில்படுத்திச் சீட்டைத் தேய்த்தார். இன்னொரு தடவையும் தேய்த்தார்.

"இனி ஆரும் பேரம் பேசினா நான் என்ன செய்ற? இதை அழிக்கவும் ஏலாதே."

"வேணும்னா பின்பக்கம் வெறுமையா இருக்குங்க" என்றேன். அவர் பகிடி விடுகிறார் என்பது சொன்ன பிறகுதான் விளங்கியது.

அவர் உள்ளே போய் இரண்டு பை நூலோடு வந்தார்.

பஸ் ஸ்டாண்டில் நின்றே மருந்துக்கடைக்குப் போன் எடுத்து, வேலைக்கு வரவில்லை என்று சொன்னேன். கடைக்கார அம்மா "பரவாயில்ல மகள்" என்றார். அவர் மனம் வருந்தித்தான் அப்படிச் சொன்னாரோ என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் திரும்ப எடுத்துக் கேட்கவில்லை.