கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டும்

மைக்கின் சவுண்டு லெவலைக் கூட்டியதும் மீட்டரில் சிவப்பு மினுங்கியது. கொஞ்சம் குறைத்தேன். என் வீட்டு ஸ்டுடியோவில் மைக்குக்கு முன்னால் வயலினோடு உட்கார்ந்திருந்தவர் பீட்டர் அங்கிள். என் சின்ன வயதில் எங்கள் கோயில் பாட்டுக் குழுவை நடத்தியவர். என்னை அவருக்கு நினைவில்லை. நல்லது.

அப்போது ஒரு கிறிஸ்துமஸ் பூசையில் மெழுகுவர்த்திப் புகையும் புதுத்துணி வாசனையும் கலந்திருந்தன. அவர் மகளும் நானும் வயலின் வாசித்தோம். மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் வேறு யாரையும் அவர் கைவைக்க விடமாட்டார். முடிந்ததும், "சூப்பர் பாப்பா" என்று என் கன்னத்தைத் தட்டினார். கடைசி பெஞ்சில் இருந்த அம்மா, நீலசந்திராவில் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள்: "ஏன்டி நீ வாசிக்கவே இல்ல? அவரு பொண்ணு சத்தம்தான் கேட்டுச்சு."

என் மைக்கை அவர் அணைத்தே வைத்திருந்தார்.

இன்று நான் லெவலை மிகச் சரியாக வைத்தேன். நடுங்கும் வில்லின் கீறல் ஒன்றுகூடத் தப்பவில்லை. போட்டுக் காட்டியபோது அவர் முகம் சுருங்கியது.

"சவுண்டு கொஞ்சம் கம்மி பண்ணும்மா."

"ஹால்ல அம்மா உக்காந்திருக்காங்க அங்கிள். அவங்களுக்கும் கேக்கட்டும்" என்று ஸ்பீக்கரைக் கூட்டினேன்.