"நல்லா இருக்கேன்" என்று சொல்ல விடாத மும்தாஜ் அக்கா

மும்தாஜ் அக்கா காலமான செய்தியை மருந்துக்கடையில்தான் கேட்டேன். மாத்திரை அட்டையை நீட்டிய கடைக்காரர், "விஷயம் தெரியுமா? ஆஸ்பத்திரி மும்தாஜம்மா போயிட்டாங்க. மாரடைப்பாம். மத்தியானம் அடக்கம்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு, மாத்திரையை வாங்காமலே பாதித் தெரு வந்துவிட்டேன்.

குடவாசல் கடைத்தெரு மாடியில், வியாழக்கிழமைதோறும் கம்ப்யூட்டர் திரையில் சென்னை மனநல டாக்டர் வரும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் காத்திருந்த உங்களுக்கெல்லாம் அக்காவைத் தெரியும். பிரஷர் பார்ப்பார், லைனைப் போட்டுக் கொடுப்பார், நாம் சரியென்றால் கூடவே உட்காருவார். படியேறும்போது தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால், "சுகர் பாக்க வந்திருக்காங்க" என்று அவரே சொல்லிவிடுவார். குடவாசலில் பாதிப் பேருக்குச் சர்க்கரை என்று யாராவது நினைத்திருந்தால் அதற்கு அவர்தான் பொறுப்பு.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளைகுடாவில் பதினான்கு வருடம் குழாய் பதிக்கும் வேலை, கடைசியில் ஃபோர்மேன். ஒரு நாள் பள்ளத்தில் மண் சரிந்து இரண்டு பேர் புதைந்து செத்துப்போனார்கள். இறங்கச் சொன்னது நான். ஊர் திரும்பிய அடுத்த கோடையில், மேட்டூர்த் தண்ணீர் வருவதற்கு முன் எங்கள் வீட்டுப் பக்கத்து வாய்க்காலைப் பொக்லைன் தூர் வாரியது. கரையில் நின்று வேடிக்கை பார்த்த மகளை, மண் கொட்டும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் இழுத்தேன். இழுத்த இழுப்பில் அவளுக்குத் தோள்மூட்டு இறங்கிவிட்டது. பன்னிரண்டு வயது. குத்தாலத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனவள், திரும்பி வரமாட்டேன் என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரிக்கு முதல் நாள் நான், மனைவி, மைத்துனர், அவர் மனைவி என்று நால்வராகப் போனோம். டாக்டர் முகம் வந்ததும் எல்லோரும் திரை முன்னால் நெருங்கி நின்று சிரித்தோம். மைத்துனர் கையை ஆட்டி, "வீட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?" என்று டாக்டரைக் கேட்டார். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "அட, இது என்ன துபாய்லேருந்து வர்ற போனா, ஆளுக்கு ஒரு வார்த்தை பேசிட்டுப் போறதுக்கு? எல்லாரும் வெளியில இருங்க" என்று கதவைச் சாத்தினார்.

தனியாக விட்டும் நான் திருந்தவில்லை. டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்பார். "நல்லா இருக்கேன் டாக்டர், ஒரு குறையும் இல்ல" என்பேன். வளைகுடாவிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்குப் போனில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். கேம்ப்பில் காய்ச்சலோடு கிடந்தபோதும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். திரையில் ஒரு முகம் தெரிந்தால் சிரிப்பும் தானாக வந்துவிடும். மூன்று வியாழன் இப்படியே போயிற்று. நன்றாகத் தேறிவிட்டீர்கள், இனி இரண்டு மாதம் கழித்துப் பேசலாமா என்று டாக்டர் கேட்டார். தலையாட்டினேன்.

"டாக்டர், மன்னிச்சுக்கங்க. இவரு பொய் சொல்றாரு" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, எங்க வீட்டுக்காரரு சவுதியில பத்தொன்பது வருஷம். போன்ல சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியாதா? அவருக்கு ஆபரேஷன் நடந்ததே, ஊருக்கு வந்து சட்டையக் கழட்டினப்பதான் எனக்குத் தெரியும்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. என்னைப் பொய்யன் என்று சொல்ல இவர் யார்? அவர் அதைச் சட்டை செய்யவில்லை. என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். "டாக்டர் காதால கேட்டுக்குவாங்க. நீங்க செவுத்தப் பாத்துச் சொல்லுங்க." டாக்டரும் சரியென்றார்.

சுவரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன். பள்ளம் வரைக்கும் வந்தபோது லைன் அறுந்தது. தப்பித்தோம் என்று எழுந்தேன். "உக்காருங்க. தொண்டை வரைக்கும் வந்தத முழுங்கிடாதீங்க" என்றார். லைன் திரும்ப வரக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், அழுதேன். அந்த அதிர்ச்சி எனக்குள் முடியாமல் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது, இது ஒரு நோய், இதற்கு வைத்தியம் உண்டு என்று டாக்டர் அன்றுதான் சொன்னார்.

இரண்டு வருடம் விடாமல் போனேன். இன்னும் மாத்திரை உண்டு. பொக்லைன் சத்தம் கேட்டால் இப்போது ஓடுவதில்லை. உட்கார்ந்து மெதுவாக மூச்சு விடுகிறேன். மகள் மட்டும் வரவில்லை. தங்கை வீட்டிலிருந்தே படித்து, இப்போது திருச்சியில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். லீவுக்கும் குத்தாலம்தான். வீடியோவில் கூப்பிட்டு, "நல்லா இருக்கீங்களாப்பா?" என்பாள். "நல்லா இருக்கேன்டா" என்பேன். டாக்டரிடம் விட்ட பழக்கத்தை அவளிடம் விட முடியவில்லை. "புள்ளகிட்ட எப்பதான் சொல்லப் போறீங்க?" என்று அக்கா போன மாதம்கூடக் கேட்டார். நான் பேச்சை மாற்றினேன்.

அடக்கம் முடிந்து வந்த மாலையில் மகள் அழைத்தாள். அதே கேள்வி.

"இல்லம்மா. நல்லா இல்ல."

அக்கா யார், எதற்காக அவரிடம் போனேன், பள்ளத்தில் என்ன நடந்தது, அவளை ஏன் அப்படி இழுத்தேன் என்று எல்லாவற்றையும் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அக்கா எனக்கு விட்டுப் போனது இப்படி வாய்திறந்து சொல்லும் பழக்கம்தான். அதை அவர் இருக்கும்போதே செய்யாமல் போனேனே என்ற வருத்தம் என்னோடு இருக்கும்.

"காலையில பஸ் ஏறுறேன்ப்பா" என்றாள்.

"குத்தாலத்துக்கா?"

"நம்ம வீட்டுக்கு."